வீங்காத கை: எச்.ஐ.வி. தொற்றும் ரி-கலங்களின் வேலையும்

மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் போடும் மான்ரூ ஊசி மிகச் சிறியது. முன்கையின் உட்புறத்தில், தோலுக்குள்ளேயே நிற்கும்படி, 0.1 மில்லிலீற்றர் ரியூபகுலின் ஏற்றுவார்கள். கசநோய்க் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த புரதம் அது. உயிருள்ள கிருமி எதுவும் அதில் கிடையாது. 48 மணிக்கும் 72 மணிக்கும் இடையில் திரும்பி வரச் சொல்லி, அந்த இடத்தில் எழும்பியிருக்கும் தடிப்பை மில்லிமீற்றரில் அளப்பார்கள். சிவப்பைக் கணக்கில் எடுப்பதில்லை, விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பை மட்டும்தான். பொதுவாக 10 மில்லிமீற்றர் இருந்தால் கசநோய்க் கிருமி எப்போதோ உடலுக்குள் புகுந்திருக்கிறது என்று கொள்வார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் என்றால் 5 மில்லிமீற்றரே போதும். சிலருக்கு அந்த ஐந்தும் வராது. சளியில் கசநோய்க் கிருமி இருக்கும். கையோ ஊசி ஏறிய சுவடே இல்லாமல் கிடக்கும்.

அந்தத் தடிப்பை எழுப்புவது ரியூபகுலின் அல்ல, ரி-கலங்கள் எனப்படும் ஒரு வகை வெண்குழியங்கள். முன்பு கசநோய்க் கிருமியைச் சந்தித்து அதை ஞாபகத்தில் வைத்திருக்கும் ரி-கலங்கள் ஊசி ஏறிய இடத்துக்கு வந்து, சமிக்ஞைப் புரதங்களை வெளியிட்டு, மற்ற வெண்குழியங்களை அங்கே கூட்டுகின்றன. ஆள் சேர்ந்து இடம் தடிக்க இரண்டு நாள் பிடிக்கிறது. கை வீங்கவில்லை என்றால் அந்த ஞாபகக் கலங்கள் செத்துப்போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிரோடு இருந்தும் வேலை செய்யாமல் இருக்க வேண்டும். எச்.ஐ.வி. இரண்டையும் செய்கிறது. முதலாவது பற்றி எல்லோருக்கும் தெரியும், "சி.டி.4 குறையும்" என்று பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாவதைப் பற்றித் தமிழில் பேசுவது குறைவு. இங்கே அதற்குத்தான் கூடிய இடம்.

ரி-கலங்களில் ஒரு வகையான சி.டி.4 கலத்தின் வேலையைக் கிழக்கிலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிக்கு விளக்குவது சுலபம். ஒரு வட்டையில், அதாவது வயல்வெளியில், வட்டவிதானை தானாக ஏர் பிடிப்பதில்லை, மருந்தடிப்பதில்லை. எந்த வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் மாடுகளை வட்டையை விட்டு வெளியேற்றுவது, யார் எங்கே வரம்பு கட்டுவது என்று சொல்கிறவர் அவர். அவர் இல்லாவிட்டாலும் வயலில் ஆட்கள் இருப்பார்கள், மண்வெட்டி இருக்கும், குளத்தில் தண்ணீரும் இருக்கும். ஆனால் ஒருவன் விதைக்கும் நாளில் மற்றவன் தண்ணீரை அடைத்துவிடுவான். உதவி ரி-கலம் எனப்படும் சி.டி.4 கலமும் இப்படித்தான். கிருமியைத் தானே விழுங்குவதில்லை. தொற்றுப்பட்ட கலத்தைக் கொல்லும் சி.டி.8 கலத்துக்கு ஊக்கம் கொடுப்பது, பிறபொருளெதிரி சுரக்கும் பி-கலத்துக்குத் தரமான பிறபொருளெதிரி செய்யச் சொல்லிக்கொடுப்பது, கிருமியை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் நிற்கும் பெருவிழுங்கிக் கலத்தை உசுப்பிவிடுவது ஆகிய மூன்றும் இதன் பொறுப்பு. ஒப்புமை இதற்கு மேல் நீளாது. வட்டவிதானையைத் தேடிப் பிடித்துக் கொல்லும் பூச்சி எதுவும் வயலில் இல்லை.

எச்.ஐ.வி. அப்படித் தேடிப் பிடிக்கிறது. அதன் மேலுறையில் ஜி.பி.120 என்ற புரதம் துருத்திக்கொண்டு நிற்கும். ரி-கலத்தின் மேற்பரப்பிலுள்ள சி.டி.4 என்ற புரதத்தில் அது ஒட்டிக்கொள்கிறது. சி.டி.4 தான் இந்த வைரசின் வாசல் என்பது 1984இல் தெரியவந்தது. ஆனால் அது மட்டும் போதாது. பக்கத்தில் இரண்டாவது தாழ்ப்பாள் ஒன்றும் திறக்க வேண்டும். பெரும்பாலும் அது சி.சி.ஆர்.5, சில வேளைகளில், குறிப்பாக நோய் முற்றிய காலத்தில், சி.எக்ஸ்.சி.ஆர்.4. இதைக் கண்டுபிடிக்க 1996 வரை சென்றது. சி.சி.ஆர்.5 புரதம் உருவாகாதபடி இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு பெற்றவர்களை வழமையான எச்.ஐ.வி. வகை அநேகமாகத் தொற்றுவதேயில்லை. இரண்டு தாழ்ப்பாளும் திறந்ததும் ஜி.பி.41 என்ற இன்னொரு புரதம் தூண்டில் போலக் கலத்தின் மென்சவ்வில் குத்தி மடங்கி, வைரசின் உறையையும் கலத்தின் உறையையும் ஒன்றாக இழுத்து இணைக்கிறது. உள்ளிருக்கும் கூம்பு வடிவப் பெட்டி கலத்துக்குள் இறங்குகிறது.

அந்தப் பெட்டிக்குள் ஆர்.என்.ஏ. இழைகள் இரண்டு; ஒவ்வொன்றும் சுமார் 9,700 எழுத்து நீளம், மொத்தம் 9 மரபணுக்கள். மனிதனின் 300 கோடி எழுத்துக்கு முன்னால் இது ஒரு துண்டுப் பிரசுரம். வைரசின் எதிர்மறைப் படியெடுப்பு நொதியம் அந்த ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதுகிறது. எழுதியதைச் சரிபார்க்கும் பழக்கம் இந்த நொதியத்துக்கு இல்லை. சராசரியாக மூன்று பிரதிக்கு ஓர் எழுத்துப் பிழை விழும். நாளொன்றுக்குச் சுமார் 1,000 கோடி வைரசுத் துகள்கள் உருவாகும் உடலில் இந்தப் பிழைகளின் கணக்கை நினைத்துப் பார்க்கலாம். மருந்துக்கு அடங்காத வகைகளும், சி.டி.8 கலங்களின் பார்வைக்குத் தப்பும் வகைகளும் இங்கிருந்துதான் வருகின்றன. எழுதி முடிந்த டி.என்.ஏ.யை ஒருங்கிணைப்பு நொதியம் கலத்தின் சொந்த நிறமூர்த்தத்துக்குள் வெட்டி ஒட்டுகிறது. அதன் பிறகு அந்தக் கலம் உயிரோடு இருக்கும்வரை வைரசும் இருக்கும்.

இங்கே ஒரு கேள்வி எழும். வைரசு புகுந்த கலங்கள் ஒன்றிரண்டு நாளில் சாகின்றன, சரி. ஆனால் குருதியில் எந்த நேரத்திலும் வைரசை உற்பத்தி செய்துகொண்டிருக்கும் சி.டி.4 கலங்கள் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. எஞ்சியவை ஏன் குறைகின்றன? நெடுநாள் விடை கிடைக்காத புதிர் இது. நிணநீர்த் திசுவில் செய்த ஆய்வுகள் 2010க்குப் பின் ஒரு விடையைத் தந்தன. அங்கே சாகும் சி.டி.4 கலங்களில் சுமார் 95 வீதமானவை வைரசை உற்பத்தி செய்தவையல்ல. வைரசு உள்ளே வந்து, டி.என்.ஏ. எழுதத் தொடங்கி, இடையில் நின்றுபோன கலங்கள் அவை. ஓய்வாக இருக்கும் கலத்தில் டி.என்.ஏ. எழுதத் தேவையான மூலப்பொருள் போதாது. வேலை பாதியில் நின்றுவிடும். அரைகுறையாக எழுதிய துண்டுகள் கலத்துக்குள் மிதக்கும். அவற்றைக் காவல் புரதம் ஒன்று கண்டுபிடித்து, கஸ்பேஸ்-1 என்ற நொதியத்தைத் தட்டியெழுப்பும். கலம் ஊதி வெடித்துத் தன்னையே கொன்றுகொள்ளும். கிருமி பரவாமல் தடுக்க உடல் வைத்திருக்கும் ஏற்பாடுதான் இது. ஆனால் சத்தமில்லாத சாவல்ல: வெடிக்கும்போது உள்ளிருக்கும் அழற்சிச் சமிக்ஞைகளெல்லாம் வெளியே கொட்டுகின்றன. அதைக் கேட்டு மேலும் சி.டி.4 கலங்கள் அந்த இடத்துக்கு ஓடி வருகின்றன. வந்தவையும் அதே கதிக்கு ஆளாகின்றன. தீயணைக்க வந்தவர்களே விறகாகிறார்கள் என்று சொல்லலாம்.

இது நடக்கும் இடம் குருதியல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். உடலின் நிணநீர்க்குழியங்களில் சுமார் 2 வீதம்தான் எந்த நேரத்திலும் குருதியில் ஓடுகிறது. மீதி நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடற்சுவரிலும் இருக்கிறது. குடற்சுவரில் உள்ள சி.டி.4 கலங்களில் பெரும்பாலானவை ஞாபகக் கலங்கள், மேற்பரப்பில் சி.சி.ஆர்.5 நிறைய வைத்திருப்பவை. எச்.ஐ.வி.க்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. தொற்றி இரண்டு முதல் நான்கு கிழமைக்குள், குருதியில் ஒரு மில்லிலீற்றருக்குப் பத்து இலட்சம் பிரதிகளையும் தாண்டி வைரசு ஏறும் அந்த நாட்களில், குடலின் சி.டி.4 கலங்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. அப்போது கையில் குருதி எடுத்துப் பார்த்தால் எண்ணிக்கை சற்று இறங்கிப் பின் திரும்பவும் ஏறும். தாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பெரிய இழப்போ ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

அந்த நாட்களின் அறிகுறிகள் காய்ச்சல், உடல் உளைவு, தொண்டை நோ, கழுத்திலும் கமக்கட்டிலும் நெறி கட்டுதல், உடம்பில் சிவந்த பருக்கள். மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இப்படி ஒருவர் வந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது டெங்கு, அடுத்தது எலிக்காய்ச்சல். அது தவறல்ல, பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். டெங்குப் பரிசோதனை இல்லையென்று வந்து, நெறிகள் நீடித்து, முந்தின ஒரு மாதத்துக்குள் தொற்றுக்கு இடமுள்ள சம்பவமும் இருந்தால், எச்.ஐ.வி.யையும் பார்க்க வேண்டும். விரலில் குத்திப் பார்க்கும் பிறபொருளெதிரிச் சோதனை இந்தக் கட்டத்தில் பொய்யாக "இல்லை" சொல்லலாம். பிறபொருளெதிரியோடு வைரசின் பி-24 புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வுகூடச் சோதனை முந்திப் பிடிக்கும்; அதற்கும் தொற்றி 45 நாள் கடந்த பிறகு வரும் "இல்லை" தான் நம்பத்தக்கது. விரல் சோதனைக்கு 90 நாள்.

குடலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் பிறகு வரும் அநேக கோளாறுகளின் வேர் அங்கேதான். குடற்சுவரில் ரி.எச்.17 என்று ஒரு வகை உதவிக் கலம் உண்டு. குடலின் உட்பூச்சுக் கலங்கள் இடைவெளியின்றி இறுகி நிற்கவும், பூஞ்சணமும் பற்றீரியாவும் எல்லை தாண்டாமல் இருக்கவும் தேவையான சமிக்ஞை அதனிடமிருந்துதான் வருகிறது. முதலில் சாகும் கூட்டத்தில் இவையும் அடக்கம். பூச்சு தளர்ந்ததும் குடலில் வாழும் பற்றீரியாக்களின் துண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குருதிக்குள் கசிகின்றன. காய்ச்சல் வருமளவுக்கு இல்லை. ஆனால் நோயெதிர்ப்புக் கலங்கள் ஒருநாளும் அமைதியடையாதபடி அது போதும். ஆண்டுக்கணக்காக, இரவுபகலாக, இல்லாத படையெடுப்புக்கு எதிராக உடல் விழித்திருக்கிறது. விழித்த சி.டி.4 கலம் சி.சி.ஆர்.5ஐக் கூடுதலாக வெளியில் காட்டும், டி.என்.ஏ. எழுதத் தேவையான மூலப்பொருளும் அதில் நிறைய இருக்கும். வைரசு இன்னும் நன்றாகப் பெருகுகிறது.

இந்த ஓயாத விழிப்புதான் நோயின் மையம் என்பதற்கு ஆபிரிக்கக் காட்டிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. சூட்டி மங்காபே என்ற குரங்கினத்தில் எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி. இயற்கையாகவே உண்டு. அவற்றின் குருதியில் வைரசு ஏராளம். ஆயினும் பெரும்பாலும் எய்ட்ஸ் வருவதில்லை. தம் ஆயுளைச் சாதாரணமாக வாழ்ந்து முடிக்கின்றன. அவற்றின் குடல் கசிவதில்லை, தொற்றின் தொடக்கத்தில் எழும் அழற்சி சில கிழமையில் அடங்கிவிடுகிறது. அதே குடும்பத்து வைரசு ஆசியாவின் ரீசஸ் குரங்குக்குப் போனால் அழற்சி அடங்குவதில்லை. அது எய்ட்ஸில் சாகிறது. ஆகவே எச்.ஐ.வி.யை "எதிர்ப்புச் சக்தி குறையும் நோய்" என்று மட்டும் சொல்வது பாதிதான். அளவுக்கு மீறி ஓடி இயந்திரம் தேய்கிற நோயும்கூட. "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்று விளம்பரத்தோடு விற்கப்படும் பொடியும் சாறும் சொன்னதைச் செய்தாலும் இங்கே உதவாது. கலங்களை மேலும் தட்டியெழுப்புவது இந்த வைரசுக்குச் சோறு போடுவது மாதிரி.

தேய்மானம் எப்படி நடக்கிறது என்பது இப்போது ஓரளவு நன்றாகத் தெரியும். 1980களின் இறுதியில், அறிகுறி எதுவுமில்லாத, சி.டி.4 எண்ணிக்கையும் இன்னும் மோசமாகாத எச்.ஐ.வி. தொற்றாளர்களின் ரி-கலங்களை ஆய்வுகூடத்தில் மூன்று விதமாகத் தூண்டிப் பார்த்தார்கள். முதலில் இன்புளுவென்சா, ஏற்புவலி நஞ்சு போன்ற முன்பு சந்தித்த பொருள்களால். அடுத்து இன்னொரு மனிதரின் கலங்களால். கடைசியாக எந்த ரி-கலத்தையும் எழுப்பிவிடும் வலுவான தாவரப் புரதத்தால். முதலில் போவது பழைய ஞாபகத்துக்குப் பதில் சொல்லும் திறன். பிறகு இரண்டாவது. கடைசியில்தான் மூன்றாவது. எண்ணிக்கை விழுவதற்கு முன்பே ஞாபகம் விழுந்துவிடுகிறது. வீங்காத கையின் கதை இதுதான்.

ஒரு காரணம் எளிது: எச்.ஐ.வி.யை அடையாளம் காணும் சி.டி.4 கலங்களையே வைரசு மற்றவற்றைவிட அதிகம் தொற்றுகிறது. வைரசைக் கண்டு விழித்து அதன் பக்கத்தில் போய் நிற்பவை அவைதானே. மற்றக் காரணம் களைப்பு. ஒரே கிருமித் துண்டை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டேயிருக்கும் ரி-கலம் தன் மேற்பரப்பில் பி.டி.1 என்ற தடுப்புப் புரதத்தை ஏற்றிக்கொள்கிறது. காரின் பிரேக் போன்றது அது. சாதாரணத் தொற்றில் வேலை முடிந்ததும் கலத்தை அமைதிப்படுத்துவதற்காக இருப்பது. எச்.ஐ.வி.யில் வேலை முடிவதேயில்லை, பிரேக்கும் தளர்வதில்லை. பிறகு ரிம்-3, லாக்-3, ரிஜிற் என மேலும் தடுப்புகள் ஏறுகின்றன. கலம் ஒவ்வொரு திறனாக ஒரு வரிசையில் இழக்கிறது. இன்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரப்பதும் பெருகுவதும் முதலில் போகும். அடுத்து ரி.என்.எப். ஆல்பா என்ற சமிக்ஞை. இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞை கடைசிவரை கொஞ்சம் வந்துகொண்டிருக்கும். இறுதியில் கலமே சாகும். எண்ணும் இயந்திரத்துக்குப் புதுக்கலமும் களைத்த கலமும் ஒன்றுதான். இரண்டையும் ஒன்று ஒன்றாகவே எண்ணும்.

சி.டி.8 கலங்களின் எண்ணிக்கை இதே காலத்தில் ஏறியிருக்கும். ஆரோக்கியமான ஒருவரில் சி.டி.4 எண்ணிக்கை சி.டி.8ஐவிடக் கூட, எச்.ஐ.வி.யில் விகிதம் தலைகீழாகிறது. ஆனால் ஏறிய சி.டி.8 கலங்கள் சி.டி.4இன் உதவி கிடைக்காமல் வளர்ந்தவை. கொல்லும் புரதங்களான பேர்போரினும் கிரான்சைமும் அவற்றில் குறைவு. அதற்கு மேல் வைரசின் நெப் என்ற புரதம் தொற்றுப்பட்ட கலத்தின் மேற்பரப்பிலிருந்து அடையாள அட்டை மாதிரியான எச்.எல்.ஏ. புரதங்களை உள்ளே இழுத்துவிடுகிறது. எல்லாவற்றையும் இழுத்தால் இயற்கைக் கொல்லிக் கலங்கள் சந்தேகப்பட்டுக் கொன்றுவிடும் என்பதால், சி.டி.8 கலம் முக்கியமாகப் பார்க்கும் ஏ, பி வகைகளையே பெரிதும் குறிவைக்கிறது. ஒன்பது மரபணு வைத்துக்கொண்டு இவ்வளவு சூது. மருந்தின்றியே வைரசை அடக்கி வைத்திருக்கும் சிலர் உண்டு. நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அவர்களில் எச்.எல்.ஏ. பி-57, பி-27 வகைகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. அவர்களுடைய சி.டி.8 கலங்கள் எண்ணிக்கையில் அதிகமில்லை. பெருகவும், கொல்லவும், சமிக்ஞை சுரக்கவும் ஒரே நேரத்தில் முடிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பி-கலங்கள் பக்கம் சுருக்கமாக: நிணநீர்க் கணுவுக்குள் பி-கலத்துக்குப் பாடம் நடத்தும் உதவிக் கலங்கள் வைரசின் பதுங்கிடமாகவே மாறிவிடுவதால், குருதியில் பிறபொருளெதிரியின் மொத்த அளவு கூடியும் தரம் குறைந்தும் போகிறது. ஈரலழற்சி-பி தடுப்பூசி இவர்களுக்குச் சரியாக ஏறாமல், இரட்டை அளவில் போட வேண்டி வருவது இதனால்தான்.

எண்ணிக்கைகளை இப்போது பார்க்கலாம். வளர்ந்தவரின் குருதியில் ஒரு கன மில்லிமீற்றருக்குச் சி.டி.4 கலங்கள் 500 முதல் 1,500 வரை இருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் ஆண்டுக்குச் சராசரியாக 50 முதல் 100 வரை இறங்கும். 200க்குக் கீழே நியூமோசிஸ்டிஸ் நியூமோனியா வரும் அபாயம் கூடுவதால் கோட்ரைமொக்சசோல் 960 மில்லிகிராம் தினமும் கொடுப்பார்கள். 100க்குக் கீழே மூளையைத் தாக்கும் கிரிப்டோகொக்கசுப் பூஞ்சணமும் ரொக்சோபிளாஸ்மாவும். 50க்குக் கீழே விழித்திரையை அழிக்கும் சைற்றோமெகலோ வைரசு. இந்தப் படிக்கட்டுக்கு அடங்காதவைதான் நம் வாதத்துக்கு முக்கியம். அக்கி 500க்கு மேலும் வரும். வாயில் வெண்படலம் படரும் கன்டிடாப் பூஞ்சணம் 200க்கு மேலேயே தலைகாட்டும், ரி.எச்.17 கலங்கள் முந்திப் போய்விட்டதால். கசநோயோ எந்த எண்ணிக்கையிலும் வரும். நுரையீரலில் கசநோய்க் கிருமியைச் சுற்றி உடல் கட்டும் முடிச்சைச் சி.டி.4 கலங்கள்தான் ரி.என்.எப். ஆல்பாவாலும் இன்டர்பெரோன் காமாவாலும் கட்டிக் காக்கின்றன. அந்தக் கலங்கள் களைத்தால் கட்டு அவிழும். உறங்கும் கசநோய் உள்ள சாதாரண ஒருவருக்கு வாழ்நாள் முழுவதற்குமான அபாயம் 5 முதல் 10 வீதம் என்றால், சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. தொற்றாளருக்கு ஏறக்குறைய அந்த அபாயம் ஒரே ஆண்டில். கட்டு சரியாக உருவாகாததால் நெஞ்சுப் படத்தில் வழமையான பொந்தும் தெரியாது, சளியை நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் கிருமி அகப்படாமல் போகலாம். ஆகவே கசநோய் உள்ள எவருக்கும் எச்.ஐ.வி. பார்ப்பதும், எச்.ஐ.வி. உள்ள எவருக்கும் கசநோய் தேடுவதும் வழமை.

சி.டி.4 தாளை வாசிப்பதில் பலர் இடறுகிறார்கள். முந்தின முறை 420, இம்முறை 350 என்றால் பயப்படத் தேவையில்லை. காலையில் எண்ணிக்கை குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும். டெங்கு முதலிய எந்தக் கடும் காய்ச்சலும் தற்காலிகமாக இறக்கிவிடும். அழற்சியை அடக்கும் பிரெட்னிசலோன் குளிசையும் இறக்கும். கர்ப்பத்தில் குருதி நீர்த்துப்போவதால் தாளில் குறைந்து தெரியும். 30 வீதத்துக்கு மேல் மாறினால்தான் மாற்றம் என்று கொள்ளலாம். நிணநீர்க்குழியங்களில் சி.டி.4இன் வீதம் இவ்வளவு ஆடாது. 14 வீதம் ஏறக்குறைய 200க்குச் சமம். காய்ச்சல் விட்டுச் சில கிழமை கழித்து, முன்பு எடுத்த அதே நேரத்தில் எடுப்பது நல்லது. ஊதா மூடிக் குழாயில் எடுத்த குருதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கலங்கள் கெடும், அறை வெப்பநிலையில்தான் அனுப்ப வேண்டும். வைரசின் அளவைப் பார்க்கும் மாதிரிக்கு விதி வேறு: 24 மணி நேரத்துக்குள் குருதிநீரைப் பிரித்துக் குளிரூட்ட வேண்டும். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். மாதிரி அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தால் எந்தக் குழாய் எந்தப் பெட்டியில் என்பதில் பிசகக் கூடாது.

சிகிச்சையில் எண்ணிக்கை ஏறும். தெனோபோவிர் 300, லமிவுடீன் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே குளிசை, நாளுக்கு ஒருமுறை. 2015 முதல் உலக சுகாதார நிறுவனம் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் உடனே தொடங்கச் சொல்கிறது. இலங்கையில் அரச சேவையில் இது இலவசம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று பயப்படுகிறவர் வேறு மாவட்டத்து நிலையத்துக்குப் போகலாம், யாரும் தடுப்பதில்லை. வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. கட்டாயம் என்பதால், அங்கே முதன்முறை தெரியவந்து வேலையிழந்து திரும்புகிறவர்களும் உண்டு. அந்த அதிர்ச்சியில் வீட்டில் அடைபட்டுக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் குடலிலும் நிணநீர்க் கணுவிலும் செலவாகிறது.

முதல் இரண்டு மூன்று மாதத்தில் வரும் வேகமான ஏற்றம் பெரும்பாலும் புதுக் கலங்களல்ல. நிணநீர்க் கணுக்களில் அழற்சியால் தேங்கிக் கிடந்த ஞாபகக் கலங்கள் குருதிக்குத் திரும்புகின்றன. அதன் பிறகுதான் தைமசுச் சுரப்பியிலிருந்து புதுக் கலங்கள் மெதுவாக வரும். கணுக்களுக்குள் நீண்டகால அழற்சியால் நார்த் தழும்பு படிந்திருந்தால் கலங்களை வாழவைக்கும் இன்டர்லூக்கின்-7 அவற்றைச் சென்றடையாது. 200க்குக் கீழே தொடங்கிய பலருக்குப் பல ஆண்டு கழித்தும் 500 எட்டாதது இதனால். குடல் எல்லாவற்றுக்கும் பின்னால்தான் தேறும்.

எண்ணிக்கையை மட்டும் ஏற்றினால் போதாதா? போதாது, பார்த்தாகிவிட்டது. எச்.ஐ.வி. மருந்தோடு இன்டர்லூக்கின்-2 ஊசியும் சேர்த்துக் கொடுத்த இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவு 2009இல் வெளிவந்தது. பெரியதில் மட்டும் 4,000 பேருக்கு மேல். ஊசி பெற்றவர்களுக்குச் சி.டி.4 கணிசமாக ஏறியது. நோயோ மரணமோ குறையவில்லை.

குளிசை எடுப்பதில் இந்தப் பிரதேசத்துக்கென்று சில கவனங்கள் உண்டு. கர்ப்பிணிக் கிளினிக்கில் தரும் இரும்பு, கல்சியம் குளிசைகள் டொலுடெக்ராவிரைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். எச்.ஐ.வி. குளிசையை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றையும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம். வெறும் வயிற்றில் சேர்த்து எடுப்பதுதான் பிழை. கசநோய்க்கு ரிபம்பிசின் எடுப்பவருக்கு டொலுடெக்ராவிர் நாளுக்கு இருமுறை தேவை. நோன்பு காலத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ளலாம். மாதம் முழுவதும் ஒரே நேரமாக இருந்தால் சரி. வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போகிறவர் கரை திரும்பும் நாளைக் கணக்குப் பண்ணி, அதற்கு மேல் ஒரு கிழமைக்கான குளிசையையும் எடுத்துச் செல்ல வேண்டும். கடல் எப்போது கரை விடும் என்று சொல்ல முடியாது. குருதியில் வைரசு ஒரு மில்லிலீற்றருக்கு 200 பிரதிக்குக் கீழே நிலைத்துவிட்டால் பாலுறவில் மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் ஓய்வுநிலை ஞாபகக் கலங்களின் நிறமூர்த்தத்தில் ஒட்டிக் கிடக்கும் வைரசுக்கு மருந்து எதுவும் செய்வதில்லை. அந்த இருப்பு பாதியாகவே ஏறக்குறைய 44 மாதம் எடுக்கிறது. ஒரு மனித ஆயுளில் தீராது. குளிசையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் வைரசு திரும்பி ஏறும்.

மிகக் குறைந்த எண்ணிக்கையில் மருந்து தொடங்குகிறவர்களையும் உடன் இருப்பவர்களையும் குழப்பும் சம்பவம் ஒன்று, மருந்தின் முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கலாம். வைரசு இறங்கியிருக்கும், எண்ணிக்கை ஏறியிருக்கும். திடீரென்று காய்ச்சல் வரும், கழுத்துக் கணு வீங்கிச் சீழ் கட்டும், நெஞ்சுப் படம் முன்பைவிட மோசமாகும். "குளிசைதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. இதுவரை கண்டும் காணாமல் கிடந்த கசநோய்க் கிருமியை, திறன் திரும்பிய ரி-கலங்கள் இப்போதுதான் அடையாளம் கண்டு ஒரேயடியாகப் பாய்கின்றன. கசநோய் இருப்பது தெரிந்தால் அதற்கான மருந்தை முதலில் தொடங்கி, இரண்டு கிழமைக்குள் எச்.ஐ.வி. மருந்தைச் சேர்ப்பார்கள், கசநோய் மூளையுறையைப் பிடித்திருந்தால் நான்கு முதல் எட்டுக் கிழமை பொறுப்பார்கள், மண்டையோட்டுக்குள் வீக்கம் வர இடமில்லாததால். கழுத்துக் கணு வீங்கினால் இரண்டு மருந்தையும் நிறுத்தாமல் கிளினிக்குக்குப் போக வேண்டும். அழற்சியை அடக்கச் சில கிழமை பிரெட்னிசலோன் தருவார்கள். இந்த வேளையில் மான்ரூ ஊசியைத் திரும்பப் போட்டால், முன்பு வீங்காத கை சிலருக்கு வீங்கும்.